ரெவிட்டில் பிளம்பிங் சாதன டேக்கும் அட்டவணையும்: ஒரே தகவலிலிருந்து இரண்டையும் உருவாக்கும் முறை

ஓர் அலுவலகக் கட்டடத்தின் தளப்படத்தில் கழிப்பறைக் கோப்பையின் அருகே "டபிள்யூசி-1" என்ற குறி இருந்தால், அந்தக் குறியின் முழு விவரத்தையும் அதே படத்தொகுப்பில் உள்ள பிளம்பிங் சாதன அட்டவணை சொல்ல வேண்டும். கோப்பை தரையில் நிற்பதா சுவரில் தொங்குவதா, குளிர்நீர்க் குழாயின் விட்டம் என்ன, கழிவுக் குழாயின் விட்டம் என்ன, எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பவை அந்த ஒரே வரியில் கிடைக்க வேண்டும். சுவர் பூசப்படுவதற்கு முன்பே குழாய் முனைகளைச் சரியான இடத்தில் நிறுத்தியாக வேண்டிய பிளம்பர் நம்பியிருப்பது இந்த இரண்டையும்தான். குறியும் வரியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, அந்த முரண்பாடு ஓடு பதித்த பிறகு தெரியவந்தால், பதித்ததை உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் ஆட்டோடெஸ்க் ரெவிட் மென்பொருளில் இந்த முரண்பாட்டுக்கே இடமில்லாமல் செய்ய முடியும். படத்தில் சாதனத்தின் குறியைக் காட்டும் டேக்கும் அட்டவணையும் தமக்கென்று எந்தத் தகவலையும் வைத்துக்கொள்வதில்லை. மாடலில், அதாவது அந்த முப்பரிமாண மாதிரியில், உள்ள சாதனத்தின் பாராமீட்டர்களை, அதாவது அதன் பண்புகளைப் பதிந்து வைக்கும் தகவல் புலங்களை, படித்துக் காட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. ஆகவே எந்தத் தகவல் எந்தப் பாராமீட்டரில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு டேக்கையும் அட்டவணையையும் கட்டுவதே சரியான வரிசை. அவசரத்தில் டேக்குக்குப் பதிலாகச் சாதாரண எழுத்தைத் தளப்படத்தில் தட்டச்சு செய்துவிட்டால், அந்த எழுத்துக்கும் சாதனத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. சாதனம் மாறினாலும் எழுத்து மாறாது என்பதால், அந்த வழக்கத்தை அலுவலகத்தில் முற்றிலும் நிறுத்திவிடுவது நல்லது.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அமெரிக்கக் கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகங்கள் பல இருப்பதால், அமெரிக்க முறையில் அமைந்த ஒரு சிறிய அலுவலகக் கட்டடத்தையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். படிகள் எந்த நாட்டுத் திட்டத்துக்கும் பொதுவானவை. குறிகளும் அளவுகளும் மட்டும் மாறும்.

குறிகளை முடிவு செய்தல்

அமெரிக்கப் படங்களில் கழிப்பறைக் கோப்பைக்கு டபிள்யூசி, கை கழுவும் தொட்டிக்கு எல்ஏவி அல்லது எல், யூரினலுக்கு யூஆர், தரை வடிகாலுக்கு எஃப்டி, துடைப்பம் அலசும் தொட்டிக்கு எம்எஸ் என்று எழுதி, அவற்றோடு ஓர் எண்ணைச் சேர்ப்பது வழக்கம். சில அலுவலகங்கள் எல்லாச் சாதனங்களுக்கும் பி-1, பி-2 என்று தொடர் எண் மட்டும் கொடுக்கின்றன. எந்த முறையானாலும் படத்தொகுப்பு முழுவதும் அதுவே இருக்க வேண்டும். இந்தியத் திட்டங்களிலிருந்து அமெரிக்கத் திட்டங்களுக்கு மாறுபவர்கள் ஒரு குறியில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நம் படங்களில் இடபிள்யூசி என்றால் மேற்கத்திய பாணிக் கழிப்பறைக் கோப்பை; அமெரிக்கப் படங்களில் அதே குறி மின்சாரத்தில் இயங்கும் குடிநீர்க் குளிர்விப்பானைக் குறிக்கும்.

ஒரே மாடலாக இருந்தாலும் பொருத்தும் உயரமோ குழாய் இணைப்போ மாறினால் தனிக் குறி கொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் பயன்பாட்டுக்கான 2010ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகளின்படி, பொதுக் கழிப்பறையில் அத்தகைய கோப்பையின் இருக்கை தரையிலிருந்து 17 முதல் 19 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். கை கழுவும் தொட்டியின் விளிம்பு 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. யூரினலின் விளிம்பு 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே சாதாரண உயரத்தில் உள்ள யூரினல் யூஆர்-1 என்றால், தாழ்த்திப் பொருத்தப்படும் அதே மாடல் யூஆர்-2 ஆகிறது. ரெவிட்டில் இவை ஒரே ஃபேமிலியின் (ஒரு சாதனத்துக்கான பொது வடிவக் கோப்பின்) இரண்டு டைப்களாக (அதன் வேறுபட்ட வடிவங்களாக) அமையும். அட்டவணையில் ஒரு வரி, மாடலில் ஒரு டைப் என்ற ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலேயே செய்துகொண்டால் பின்னால் வரும் வேலைகள் எல்லாம் எளிதாகும்.

எந்தப் பாராமீட்டர்?

ரெவிட் தானாகவே தரும் பாராமீட்டர்களில் நமக்கு வேண்டியவை பல ஏற்கெனவே இருக்கின்றன. டைப் மார்க், டிஸ்கிரிப்ஷன், மேனுஃபேக்சரர், மாடல், டைப் கமென்ட்ஸ் ஆகிய ஐந்தும் டைப் நிலையில் உள்ளவை. இவற்றை டேக்கிலும் காட்டலாம், அட்டவணையிலும் காட்டலாம். டபிள்யூசி-1 என்ற குறியை டைப் மார்க்கில்தான் எழுத வேண்டும். மார்க் என்ற பெயரில் இருக்கும் இன்னொரு பாராமீட்டர் இன்ஸ்டன்ஸ் நிலையில் உள்ளது. மாடலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு சாதனத்துக்கும் அது தனித்தனி மதிப்பைக் கொண்டிருக்கும். குறியை அதில் எழுதினால் 20 கோப்பைகளுக்கும் 20 முறை எழுத நேர்வதோடு, ஒரே மதிப்பு மீண்டும் வருகிறது என்ற எச்சரிக்கைகளும் குவியும். டைப் மார்க்கிலும் இரண்டு டைப்கள் ஒரே குறியைப் பெற்றால் ரெவிட் எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை நமக்கு உதவுவது, அதை அலட்சியம் செய்யக் கூடாது.

இயல்பாகக் கிடைக்காத தகவல்களுக்கு மட்டும் புதிய பாராமீட்டர்கள் வேண்டும்: குளிர்நீர், வெந்நீர், கழிவு, காற்றோட்டம் ஆகிய நான்கு இணைப்புகளின் விட்டம், ஒரு முறை கழுவ ஆகும் நீரின் அளவு, பொருத்தும் உயரம். இங்கேதான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபேமிலிக்குள் சாதாரணமாக உருவாக்கிய பாராமீட்டர் டேக்கிலும் வராது, அட்டவணையிலும் வராது. திட்டத்துக்குள் சாதாரணமாக உருவாக்கிய புராஜெக்ட் பாராமீட்டர் அட்டவணையில் வரும், டேக்கில் வராது. இரண்டிலும் வருவது ஷேர்டு பாராமீட்டர் மட்டுமே.

ஷேர்டு பாராமீட்டரின் வரையறை ஓர் எளிய எழுத்துக் கோப்பில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாராமீட்டருக்கும் பெயரோடு ஒரு நீண்ட அடையாள எண்ணும் இருக்கிறது. ரெவிட் அந்த எண்ணை வைத்தே பாராமீட்டரை அடையாளம் காண்கிறது, பெயரை வைத்து அல்ல. ஆகவே ஒருவர் தம் கணினியில் "குளிர்நீர் விட்டம்" என்று ஒரு ஷேர்டு பாராமீட்டரை உருவாக்கி, இன்னொருவர் அதே பெயரில் தம் கணினியில் மற்றொன்றை உருவாக்கினால், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவை இரண்டும் வெவ்வேறு பாராமீட்டர்கள். அட்டவணையில் ஒரே தலைப்பில் இரண்டு பத்திகள் வந்து, ஒன்றில் பாதிச் சாதனங்களும் மற்றொன்றில் மீதிச் சாதனங்களும் நிரம்பியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஷேர்டு பாராமீட்டர் கோப்பைப் பொதுச் சர்வரில் வைத்து, அதில் சேர்க்கும் பொறுப்பை ஒருவரிடமோ இருவரிடமோ மட்டும் ஒப்படைப்பதை நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒருவேளை கோப்பு தொலைந்துவிட்டாலும், பாராமீட்டர் ஏற்கெனவே உள்ள ஒரு ஃபேமிலியைத் திறந்து, அதன் பண்புகளில் உள்ள எக்ஸ்போர்ட் பொத்தானால் அதே அடையாள எண்ணோடு புதிய கோப்புக்குள் மீட்டுக்கொள்ளலாம்.

உருவாக்கும் வழி இது. மேனேஜ் தாவலில் ஷேர்டு பாராமீட்டர்ஸ் என்பதைத் திறந்து, புதிய கோப்பை உருவாக்கி அல்லது இருக்கும் கோப்பைத் தேர்ந்தெடுத்து, "பிளம்பிங்" என்று ஒரு குழுவைத் தொடங்கவும். பிறகு ஒவ்வொரு பாராமீட்டருக்கும் பெயரும் தரவு வகையும் கொடுக்கவும். தரவு வகையை உருவாக்கிய பின் மாற்ற முடியாது என்பதால் இங்கே நிதானம் தேவை. இணைப்பு விட்டங்களுக்குப் பைப்பிங் பிரிவில் உள்ள பைப் சைஸ் வகையைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. எழுத்து வகையைத் தேர்ந்தெடுத்தால் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அந்த எழுத்துக்கும் ஃபேமிலியின் குழாய் இணைப்பானுக்கும் தொடர்பு இருக்காது. பைப் சைஸ் வகையாக இருந்தால், ஃபேமிலிக்குள் இணைப்பானின் விட்டத்தை அதே பாராமீட்டரோடு கட்டிவிட முடியும். அப்போது மாடலில் குழாய் இணையும் அளவும் அட்டவணை காட்டும் அளவும் பிரிக்க முடியாதவை ஆகின்றன.

இந்த விட்டப் பாராமீட்டர்களை ஃபேமிலி எடிட்டரில், ஃபேமிலி டைப்ஸ் சாளரத்தின் வழியாக, டைப் நிலையில் சேர்க்க வேண்டும். வெந்நீர் இணைப்பே இல்லாத கழிப்பறைக் கோப்பைக்கு வெந்நீர் விட்டத்தைச் சேர்க்காமல் விட்டுவிடவும். பாராமீட்டர் இல்லாத சாதனத்துக்கு அட்டவணை வெற்றுக் கட்டத்தைக் காட்டும். சேர்த்துவிட்டால் 0 என்ற எண்ணாவது அங்கே நிற்கும். பொருத்தும் உயரக் குறிப்பு போல எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவானதை, மேனேஜ் தாவலின் புராஜெக்ட் பாராமீட்டர்ஸ் வழியாக, ஷேர்டு பாராமீட்டர் என்பதைத் தேர்ந்து, பிளம்பிங் ஃபிக்சர்ஸ் வகைக்கு ஒரே தடவையில் சேர்த்துவிடலாம்.

டேக் ஃபேமிலியை உருவாக்குதல்

ஃபைல் பட்டியலில் புதிய ஆனோட்டேஷன் சிம்பலைத் தொடங்கி, ஜெனரிக் டேக் என்ற வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கவும். திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை வகையை மாற்றுவது. ஃபேமிலி கேட்டகரி அண்ட் பாராமீட்டர்ஸ் சாளரத்தில் பிளம்பிங் ஃபிக்சர் டேக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேபிளில் எந்தெந்தப் பாராமீட்டர்கள் கிடைக்கும் என்பதை இந்த வகையே தீர்மானிக்கிறது. அதே சாளரத்தில், சாதனம் திரும்பும்போது டேக்கும் திரும்ப வேண்டுமா என்ற தேர்வும் உண்டு. பிளம்பிங் படங்களில் எழுத்து எப்போதும் நேராக நிற்பதே படிப்பதற்கு எளிது என்பதால் அதை அணைத்தே வைக்கலாம். வார்ப்புருவோடு வரும் குறிப்பு வாசகத்தை மறக்காமல் நீக்கிவிடவும்.

அடுத்து கிரியேட் தாவலில் லேபிளைத் தேர்ந்து, இரண்டு குறிப்புத் தளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சொடுக்கினால் எடிட் லேபிள் சாளரம் திறக்கும். இடப்பக்கப் பட்டியலிலிருந்து டைப் மார்க்கை வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, மாதிரி மதிப்பாக உங்கள் திட்டத்தில் வரக்கூடிய மிக நீளமான குறியை எழுதவும். இந்த மாதிரி மதிப்பு படத்தில் எங்கும் வராது. ஆனால் டேக்கைச் சுற்றிய கட்டத்தை எந்த அகலத்தில் வரைய வேண்டும் என்பதை அதுதான் காட்டும். கோடுகளால் வரைந்த கட்டமோ அறுகோணமோ எழுத்தின் நீளத்துக்கேற்பத் தானாக விரிவதில்லை. குட்டிக் குறியை வைத்து அளவெடுத்தால் எல்ஏவி-10 வரும்போது எழுத்து கோட்டின் மேல் ஏறிவிடும்.

உயரக் குறிப்பும் டேக்கில் வேண்டுமென்றால் அதற்கு இரண்டாவது லேபிளை முதல் லேபிளின் கீழே வைப்பது நல்லது. எடிட் லேபிள் சாளரத்தின் அடிப்பகுதியில் உள்ள புதிய பாராமீட்டர் பொத்தானை அழுத்தி, ஷேர்டு பாராமீட்டர் கோப்பிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னொட்டு, பின்னொட்டு ஆகியவற்றையும் அங்கேயே கொடுக்கலாம். ஒரே லேபிளில் இரண்டு பாராமீட்டர்களையும் போட்டு வரியை முறிப்பதும் சாத்தியம்தான். ஆனால் தனி லேபிளாக வைத்தால் அதன் தெரிநிலையை ஆம்-இல்லை வகைப் பாராமீட்டர் ஒன்றோடு இணைத்து, "குறி மட்டும்", "குறியும் உயரமும்" என்று ஒரே டேக் ஃபேமிலிக்குள் இரண்டு டைப்களை வைத்துக்கொள்ள முடியும். பொதுத் தளப்படத்துக்கு முதலாவதும், பெரிதாக்கிய கழிப்பறைப் படத்துக்கு இரண்டாவதும் பொருந்தும்.

எழுத்தின் உயரத்தைத் தாளில் அச்சாகும் அளவில் கொடுக்க வேண்டும். அமெரிக்கப் படங்களில் 3/32 அங்குலம் பரவலாகக் காணப்படுகிறது. மெட்ரிக் திட்டங்களில் 2.5 மி.மீ. போதும். படத்தின் அளவுகோல் மாறினாலும் தாளில் எழுத்து அதே உயரத்தில் நிற்கும்படி ரெவிட் பார்த்துக்கொள்கிறது.

ஃபேமிலியைச் சேமித்துத் திட்டத்தில் ஏற்றிய பிறகு, ஆனோட்டேட் தாவலின் டேக் பலகத்தை விரித்து, லோடட் டேக்ஸ் அண்ட் சிம்பல்ஸ் என்பதில் பிளம்பிங் ஃபிக்சர்ஸ் வகைக்குப் புதிய டேக்கை இயல்புநிலையாக அமைக்கவும். டேக் ஆல் கட்டளை ஒரு படத்தில் டேக் இல்லாத எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே முறையில் டேக் இட்டுவிடும். அவற்றை நகர்த்தி ஒழுங்குபடுத்துவது கையால்தான். ரெவிட் 2022 முதல் ஒரே டேக்கிலிருந்து பல சாதனங்களுக்குச் சுட்டுக்கோடு இழுக்க முடிகிறது. வரிசையாக நான்கு யூரினல்கள் இருக்கும் இடத்தில் ஒரு டேக்கும் நான்கு கோடுகளும் போதும். அவற்றில் ஒன்று வேறு டைப்பாக இருந்தால், மதிப்புகள் வேறுபடுகின்றன என்று டேக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

டேக்கில் கேள்விக்குறி தெரிந்தால், அந்தப் பாராமீட்டர் காலியாக இருக்கிறது, அல்லது டேக்கில் உள்ள ஷேர்டு பாராமீட்டரின் அடையாள எண்ணும் சாதனத்தில் உள்ளதும் வேறு வேறு. முதலில் சாதனத்தின் பண்புகளைப் பாருங்கள். அங்கே மதிப்பு இருந்தும் டேக்கில் கேள்விக்குறி நின்றால் சிக்கல் இரண்டாவது வகை. இன்னொரு கவனம்: படத்தில் டேக்கின் மேல் சொடுக்கி மதிப்பை மாற்றினால், மாறுவது சாதனத்தின் பாராமீட்டர். டைப் மார்க் என்றால் அந்த டைப்பில் உள்ள அத்தனை சாதனங்களும் மாறும். ரெவிட் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும்போது, படிக்காமல் ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.

அட்டவணை

வியூ தாவலில் ஷெட்யூல்ஸ் வழியாக ஷெட்யூல்/குவான்டிட்டீஸ் என்பதைத் திறந்து, பிளம்பிங் ஃபிக்சர்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்கவும். ஃபீல்ட்ஸ் தாவலில் டைப் மார்க், டிஸ்கிரிப்ஷன், மேனுஃபேக்சரர், மாடல், நான்கு இணைப்பு விட்டங்கள், டைப் கமென்ட்ஸ் என்ற வரிசையில் சேர்த்தால் தாளில் இடுவதற்கான அட்டவணையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். சார்ட்டிங்/குரூப்பிங் தாவலில் டைப் மார்க்கின்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சாதனத்தையும் தனி வரியாகக் காட்டும் தேர்வை நீக்கவும். அப்போது 20 கோப்பைகளும் டபிள்யூசி-1 என்ற ஒரே வரியில் அடங்கும். அந்த வரியில் ஏதேனும் ஒரு கட்டம் எதிர்பாராமல் காலியாகவோ, மதிப்புகள் வேறுபடுகின்றன என்ற குறிப்போடோ இருந்தால், இன்ஸ்டன்ஸ் நிலைப் பாராமீட்டர் ஒன்று உள்ளே வந்திருக்கிறது, அல்லது இரண்டு டைப்கள் ஒரே குறியைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.

நான்கு விட்டப் பத்திகளின் தலைப்புகளையும் அட்டவணையில் சேர்த்துத் தேர்ந்து, மேலே உள்ள குரூப் கட்டளையை அழுத்தினால் அவற்றின் மேல் "இணைப்பு அளவுகள்" என்ற பொதுத் தலைப்பை எழுதலாம். நீர்த்தொட்டி இல்லாமல் குழாய் நீராலேயே நேராகக் கழுவும் ஃபிளஷ் வால்வு கொண்ட கோப்பைக்கு வழக்கமாக வரும் 1 அங்குலக் குளிர்நீரும் 4 அங்குலக் கழிவும் 2 அங்குலக் காற்றோட்டமும் அப்போது ஒரே பார்வையில் தெரியும். எண்ணிக்கைப் பத்தியைத் தாளில் இடும் அட்டவணையில் சேர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஒப்பந்ததாரர் எண்ண வேண்டியது தளப்படத்தை. அட்டவணையில் ஓர் எண்ணிக்கை அச்சானால், பின்னர் ஒரு தொட்டி கூடினாலும் குறைந்தாலும் அது விவாதத்துக்கு இடமாகும்.

எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் நமக்கு உள்வேலைக்குத் தேவை. அதற்கு இரண்டாவது அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளவும். வடிகால் குழாயின் அளவைக் கணிக்க, ஒவ்வொரு சாதனமும் குழாயில் ஏற்றும் சுமையைக் காட்டும் வடிகால் அலகு என்ற எண் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் ஐபிசி என்ற பன்னாட்டு பிளம்பிங் விதித்தொகுப்பில், பொதுக் கழிப்பறையில் ஒரு முறைக்கு 1.6 கேலன், அதாவது சுமார் 6 லிட்டர், நீர் செலவிடும் கோப்பைக்கு 4 அலகுகள். கை கழுவும் தொட்டிக்கு 1 அலகு. 6 கோப்பைகளும் 5 தொட்டிகளும் இருந்தால் 29 அலகுகள். ரெவிட்டில் இதற்கென்று டபிள்யூஎஃப்யூ என்ற பாராமீட்டர் பிளம்பிங் சாதனங்களுக்கு இருக்கிறது. அதை அட்டவணையில் சேர்த்து ஃபார்மேட்டிங் தாவலில் கூட்டுத்தொகை கேட்டால், கூட்டுத்தொகை மட்டும் தெரியும். ஒரு சாதனத்துக்கான அலகு மறைந்துவிடும். எண்ணிக்கையை அலகால் பெருக்கிவிடலாம் என்று தோன்றும், ஆனால் கவுன்ட் என்ற பத்தியைச் சூத்திரத்தில் பயன்படுத்த ரெவிட் அனுமதிப்பதில்லை. வழி எளியது: எண் வகையில் ஒரு கணக்கிட்ட பத்தியை உருவாக்கி, சூத்திரமாக டபிள்யூஎஃப்யூ என்று மட்டும் எழுதி, அந்தப் பத்திக்குக் கூட்டுத்தொகை கேட்கவும். மூலப் பத்தி ஒரு சாதனத்தின் அலகையும், புதிய பத்தி மொத்தத்தையும் காட்டும்.

இதே உள்வேலை அட்டவணையை ஒவ்வொரு சாதனத்தையும் தனி வரியாகக் காட்டும்படி நகலெடுத்து, தளத்தின் பெயரையும் அறையின் பெயரையும் சேர்த்தால் சரிபார்ப்புக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. டைப் மார்க்கின்படி ஏறுவரிசையில் அடுக்கினால் குறி கொடுக்கப்படாதவை மேலே வந்து நிற்கும். வரியைத் தேர்ந்து ஹைலைட் இன் மாடல் கட்டளையை அழுத்தினால் அந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்பதை ரெவிட் காட்டிவிடும்.

எண்ணிக்கை பொருந்தாதபோது

எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், உள்ளே பொதிந்த ஃபேமிலிகளைச் சந்தேகிக்கவும். கை கழுவும் தொட்டியின் ஃபேமிலிக்குள் குழாய்த் தலை ஒரு பொதிந்த ஃபேமிலியாக இருந்து, அது பிளம்பிங் ஃபிக்சர்ஸ் வகையிலேயே இருந்து, ஷேர்டு என்ற தேர்வும் இயக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு வரிகள் வரும். குழாய்த் தலையைத் தனியே பட்டியலிட வேண்டிய தேவை இல்லையென்றால் அந்தத் தேர்வை நீக்கி மீண்டும் ஏற்றலாம். புதுப்பிப்புத் திட்டங்களில் இடிக்கப்படவிருக்கும் பழைய சாதனங்களும் வந்து சேர்வதுண்டு. அட்டவணையின் பண்புகளில் உள்ள ஃபேஸ் (கட்டுமானக் கட்டம்), ஃபேஸ் ஃபில்டர் ஆகிய இரண்டையும் சரிசெய்தால் அவை விலகும்.

எண்ணிக்கை குறைந்தால் வகையைப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர்கள் தரும் தரை வடிகால் ஃபேமிலிகள் சில பைப் ஆக்சசரீஸ் வகையில் வருகின்றன. அவை பிளம்பிங் ஃபிக்சர்ஸ் அட்டவணையில் தோன்றாது, நம் டேக்கும் அவற்றில் ஒட்டாது. ஃபேமிலியைத் திறந்து வகையை மாற்றுவதே தூய்மையான தீர்வு. அது இயலாத இடத்தில் பல வகைகளைச் சேர்த்துக் காட்டும் மல்டி-கேட்டகரி அட்டவணையையும் அதற்குரிய டேக்கையும் பயன்படுத்தலாம்.

சாதனங்களைக் கட்டடக் கலைஞர் தம் மாடலில் வைத்திருக்க, நாம் அந்தக் கோப்பை லிங்க் எனப்படும் இணைப்பாக நம் கோப்புக்குள் கொண்டுவந்து வேலை செய்யும் சூழலே மிகுதி. இணைக்கப்பட்ட கோப்பில் உள்ள சாதனத்துக்கு டேக் இடலாம். ஃபீல்ட்ஸ் தாவலில் இணைப்புகளில் உள்ளவற்றையும் சேர்க்கும் தேர்வை இயக்கினால் அட்டவணையிலும் காட்டலாம். ஆனால் அவற்றின் மதிப்பை நம் கோப்பிலிருந்து மாற்ற முடியாது; அவர்கள் நம் ஷேர்டு பாராமீட்டர்களைப் பயன்படுத்தவில்லையென்றால் நம் விட்டப் பத்திகள் வெறுமையாகவே நிற்கும். குழாய் இணைப்புகளுக்கு நாம் பொறுப்பு என்ற நிலையில், காப்பி/மானிட்டர் வழியாகச் சாதனங்களை நம் மாடலுக்குள் நகலெடுத்து, அப்போதே அவர்களுடைய டைப்புக்கு ஈடாக நம் ஃபேமிலியின் டைப்பைப் பொருத்திவிடுவதே நான் பரிந்துரைக்கும் வழி. அவர்கள் ஒரு தொட்டியை நகர்த்தினால் ரெவிட் நமக்கு அறிவிக்கும். நகலெடுத்த பிறகு அவர்களுடைய இணைப்பில் உள்ள பிளம்பிங் ஃபிக்சர்ஸை நம் படங்களில் மறைத்துவிட்டால் ஒரே சாதனம் இரட்டையாகத் தெரியாது.

எல்லாம் சரியாக அமைந்த பின், டேக் ஃபேமிலியையும் இரண்டு வகை அட்டவணைகளையும் அலுவலகத்தின் திட்ட வார்ப்புருவில் சேர்த்துவிடவும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட திட்டத்துக்கு அட்டவணையைக் கொண்டுபோக, இன்செர்ட் தாவலில் கோப்பிலிருந்து வியூக்களைச் செருகும் கட்டளை போதும். அட்டவணையில் உள்ள ஷேர்டு பாராமீட்டர்களும் அதே அடையாள எண்ணோடு அந்தத் திட்டத்துக்குள் போய்ச் சேருகின்றனவா என்பதை, ஒரு சாதனத்தின் பண்புகளைத் திறந்து உடனே பார்த்துக்கொள்ளவும்.